மே மாதம் குருசடைத் தீவுக்குப் பிள்ளைகளோடு போகலாமா? பவளப்பாறை பார்க்க எது சரியான காலம்?

கேள்வி: கோவைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பெண் எட்டாம் வகுப்பு, பையன் ஐந்தாம் வகுப்பு. பாடத்தில் பவளப்பாறை வந்ததிலிருந்து பெண் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறாள். மே மாத விடுமுறையில் ராமேஸ்வரம் வருகிறோம். அம்மாவுக்கு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்படியே மன்னார் வளைகுடாத் தீவு ஒன்றுக்கும் போய்வரலாம் என்று நினைக்கிறேன்.

தீவுகளுக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா, அனுமதி வாங்க வேண்டுமா? கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நீந்திப் பார்க்க முடியுமா? மீனவர் யாரிடமாவது பணம் கொடுத்தால் வேறு தீவுக்கும் கூட்டிப் போவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார், அது சரிவருமா? இன்னொன்று, நாம் போவதாலேயே அது கெட்டுப் போகாதா என்று பெண் கேட்கிறாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பதில்: பாம்பன் டீச்சர்

தம்பிக்கு வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது பாம்பன் சின்னப்பாலம். இப்போது ராமநாதபுரம் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். என் அம்மா அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதத்தைப் பேசிவிடுவோம். மே வேண்டாம். ராமேஸ்வரம் வாருங்கள், அம்மா தீர்த்தமாடட்டும். பவளப்பாறைக்கு மட்டும் பொங்கல் கழிந்து இன்னொரு தடவை வாருங்கள்.

மே மாதம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பிவிடும். அப்போது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிப்பாகத்தான் இருக்கும். அடிமணல் கலங்கி மேலே வந்துவிடும். கண்ணாடி அடிப் படகில் ஏறினாலும் பழுப்புத் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். காற்று கூடினால் படகே விட மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் சூடு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இங்கே கடல்நீரின் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டும். பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை. குண்டூசித் தலை அளவிலிருந்து மேலே போகும் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டிக்கொண்ட வீடு அது. அந்த உயிர்களின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சமைத்துப் பவளத்துக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு கொடுப்பது அந்தப் பாசிதான், நிறம் கொடுப்பதும் அதுதான். சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. சதை கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதைத்தான் வெளிறுதல் என்கிறோம். வெளிறிய உடனே அது செத்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வந்து சேரும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. முதலில் போவது கிளை கிளையாக நிற்கும் மான்கொம்புப் பவளம். மூளைப் பவளம் போல உருண்டு கிடப்பவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அந்த நேரத்தில் அதன் மேல் நங்கூரம் போடுவது, கால் வைப்பது, சேற்றைக் கிளப்பிவிடுவது எல்லாம் காய்ச்சலில் படுத்திருப்பவரைப் போய் உலுக்குவது போலத்தான். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் மாதமும் பவளத்துக்கு உடம்பு சரியில்லாத மாதமும் ஒன்றாக வந்து சேர்வது வருத்தமான விஷயம். ஆனால் அதுதான் நிலைமை. உங்கள் பெண்ணுக்கு இதை இப்படியே சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

சரி, எங்கே போவது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை வரிசையாக இருபத்தொரு தீவுகள். 1986-இல் அவற்றையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுகளில் நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. பொதுமக்கள் போய்வர வழி இருப்பது குருசடைக்கு. பாம்பனில் குந்துகால் படகுத்துறையிலிருந்து, விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கிய இடம்தான், வனத்துறை ஏற்பாட்டில் படகு போகும். காற்றையும் கடலையும் பார்த்துத்தான் விடுவார்கள். கிளம்பும் முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள். நீந்திப் பார்க்கும் எண்ணத்தை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். நீச்சல் கைவராத பிள்ளை பதற்றத்தில் காலை எங்கே ஊன்றும்? கையெட்டும் ஆழத்தில் இருக்கும் பவளத்தின் மேல்தான்.

மீனவர் படகு விஷயம்: தயவுசெய்து கேட்காதீர்கள். காசைப் பார்த்து யாராவது ஒருவர் சம்மதிக்கலாம். மாட்டினால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். படகு வழக்கில் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள். டிவியில் வருவது போல ஊதாவும் சிவப்புமாக ஜொலிக்கும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து போவார்கள். நல்ல ஆரோக்கியமான பவளம் இங்கே பெரும்பாலும் பழுப்பு, மங்கிய பச்சை, மஞ்சள் கலந்த மண் நிறம். சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் நீர் வற்றமும் சேர்ந்து அமைந்தால் கண்ணாடிக்குக் கீழே தெளிவாகத் தெரியும். மான்கொம்புக் கிளைகளின் நுனியை மட்டும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அரை விரற்கடை அளவுக்கு வெளுத்திருக்கும். அது நோய் இல்லை, புதிதாக வளரும் நுனி, அங்கே பாசி இன்னும் நிறையச் சேரவில்லை. கிளை முழுக்க வெளுத்திருந்தால்தான் கவலை. உருண்டைப் பவளத்தின் மேல் சின்னச் சின்னக் கீறல்கள் தெரிந்தால் கிளிமீன் கடித்த தடமாக இருக்கும். அது அலகால் சுரண்டித் தின்று, சுண்ணாம்பை அரைத்து மணலாக வெளியே விடும். தீவில் நீங்கள் காலை வைக்கும் மணலில் அதற்கும் பங்கு உண்டு. இதை என் வகுப்பில் சொன்னால் பின்பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

குருசடை எங்கள் விலங்கியல்காரர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பிரியமான இடம். முதுகெலும்புள்ளவைக்கும் இல்லாதவைக்கும் இடைப்பட்டதாகப் பாடத்தில் படிப்போமே, பாலனோகிளாசஸ், அந்த மண்புழு போன்ற உயிர் அங்கே மணலுக்குள் வாழ்கிறது. அதைத் தோண்டிப் பார்க்கக் கிளம்ப வேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போடாதீர்கள். கடையிலும் வாங்காதீர்கள். கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்ததுதானே என்று சட்டத்தில் விலக்கு கிடையாது. காலிச் சங்கும் வேண்டாம், அது துறவி நண்டு குடிபோகும் வீடு.

மே மாதம் வந்தே ஆக வேண்டும் என்றால் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போங்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பவளக் கல்லால் கட்டியது. ஒவ்வொரு கல்லிலும் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி தெரியும், ஒரு குழி ஓர் உயிர் இருந்த அறை. அப்புறம் கச்சான் காலத்தில் வடகடல், பாக் நீரிணைப் பக்கம், அடங்கிக் கிடக்கும். அந்தப் பக்கம் காரங்காட்டில் ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பதில்: முத்துநகர் மூழ்காளி

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. நான் தூத்துக்குடி. சங்கு குளிக்கிற குடும்பம். பவளம் நடும் வேலைக்கும் போயிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் பார்க்கல் வெட்டுவதுதான் பலருக்குப் பிழைப்பு. பார் என்று நாங்கள் சொல்வது பவளப்பாறைத் திட்டை. கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வந்து சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொடுப்பார்கள். வீடு கட்டவும் அதே கல்தான். அன்றைக்கு அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் தீவுகள் வெறும் மணல்மேடுகள். முன்னால் பார் இருக்கும்வரை அலை அங்கேயே உடைந்துவிடும். பாரை வெட்டி எடுத்த பிறகு அலை நேரே வந்து தீவின் காலை அரிக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் விலங்குச்சல்லித் தீவு மூழ்கியே போனது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. இருபத்தொன்று என்று வரைபடத்தில் இருக்கும், தண்ணீருக்கு மேல் தேடினால் அந்த இரண்டும் கிடைக்காது.

வான் தீவும் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அதைக் காப்பாற்ற 2015-க்குப் பிறகு ஓட்டை ஓட்டையாக வார்த்த சிமெண்டுக் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் தீவுக்கு முன்னால் கடலுக்குள் இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது, ஓட்டைக்குள் மீன் குடியேறுகிறது, நாள் போகப் போக அதன் மேலேயே பவளம் ஒட்டுகிறது. இப்போது காரைச்சல்லித் தீவுக்கும் அதே வேலை.

நடுவது எப்படி என்று பிள்ளைகள் கேட்டால்: பக்கத்தில் நன்றாக இருக்கும் பவளத்திலிருந்து விரலளவு கிளைத் துண்டு எடுத்து, சிமெண்டுப் பலகையில் ஆடாமல் கட்டி, அதை ஒரு சட்டகத்தில் வைத்துக் கடலடியில் இறக்க வேண்டும். சூடு இல்லாத மாதமாகப் பார்த்துச் செய்வார்கள். நட்டுவிட்டு வந்துவிட முடியாது. பாசி மூடினால் கையால் எடுக்க வேண்டும், கிழிந்த வலை வந்து சுற்றினால் அறுக்க வேண்டும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-இலிருந்து இதைச் செய்து வருகிறார்கள். மான்கொம்பு வகை ஓர் ஆண்டில் விரல் நீளம் வளர்ந்துவிடும். உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவு உருண்டையை அடியில் பார்க்கும்போது, இது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றும். அதன் மேல் நங்கூரம் விழுந்து பிளந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வேலையே ஓடாது.

பதில்: நெய்தல்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு ஒரு தீவைக்கூடத் திறந்துவிடக் கூடாது. ஒரு குடும்பம் ஒழுங்காக நடந்துகொள்ளும். கூட்டம் சேர்ந்தால்? நம் ஊர்க் கடற்கரைகள் எந்த லட்சணத்தில் கிடக்கின்றன என்று தெரியாதா? பிஸ்கட் உறையும் தண்ணீர் பாட்டிலும் குருசடைக்கும் போய்ச் சேரும். பிள்ளைகள் படத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

பதில்: பாம்பன் டீச்சர்

நெய்தல், உங்கள் பயம் நியாயமானது. கூட்டம் எல்லை மீறினால் முதலில் நிறுத்தச் சொல்வது நானாகத்தான் இருப்பேன். ஆனால் "யாரும் போகக் கூடாது" என்பதைக் கரையில் இருப்பவர்கள் வேறு மாதிரிக் கேட்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்தவர்கள். விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியைச் சுற்றிக்கொள்வார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து இறங்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளி எடுத்துக்கொண்டு மேலே வருவார்கள். அதிலிருந்துதான் அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். உங்கள் வீட்டு ஐஸ்கிரீமில்கூட அது இருக்கலாம். பூங்கா அறிவிப்பு வந்ததும் அவர்கள் போன கடல் தடைசெய்யப்பட்ட இடமாகிவிட்டது. அப்புறம் பெண்கள் தாங்களே கூடிப் பேசினார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, ஏப்ரல் முதல் ஜூன் வரை பாசி இனம் பெருக விட்டுவிடுவது, கருவி வைத்துச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. எங்கள் ஊர் லட்சுமி அம்மா இதற்காக நின்றவர். 2015-இல் அமெரிக்காவில் சீகாலஜி என்ற தீவுப் பாதுகாப்பு அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத ஒரு பெண், கடலைக் காப்பதற்காகக் கடல் கடந்து போய் விருது வாங்கினார். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

பவளத்தைக் கெடுத்தவற்றின் பட்டியலில் அந்தப் பெண்களும் சுற்றுலாப் பயணியும் மேலே வர மாட்டார்கள். கல் வெட்டியது, அடியைச் சுரண்டும் இழுவலை, கரையிலிருந்து வரும் கழிவு, எல்லாவற்றுக்கும் மேலே சூடு. இன்னொன்றும் உண்டு. வருமானத்துக்காக மண்டபம் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி மிதவைகளிலிருந்து தப்பி, குருசடைப் பவளத்தின் மேல் போய்ப் படர்ந்தது. கம்பளி போர்த்தியது மாதிரி கனமாக மூடிவிடும், கீழே வெளிச்சமே போகாது. கையால்தான் பிய்த்து எடுக்க வேண்டும், ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி முளைக்கும். அந்தப் பாசி வளர்ப்பால் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன என்பதும் உண்மை. அதனால் இதில் யாரையாவது வில்லனாக்கி முடித்துவிட என்னால் முடியவில்லை.

நான் ஆசைப்படுவது இதுதான்: குருசடைக்கு வருபவர்களின் எண்ணிக்கைக்கு நாள்தோறும் கண்டிப்பான வரம்பு, ஏப்ரல் முதல் ஜூன் வரை பவளத்துக்கு முழு ஓய்வு, படகிலும் வழிகாட்டுவதிலும் வேலை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு. பாசிப் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பதில்: வண்டூர் ராஜா

அந்தமானிலிருந்து எழுதுகிறேன். டீச்சர் கேட்கும் ஓய்வு இங்கே ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, 1983-இல் அறிவித்தது, பதினைந்து தீவுகள். அதில் ஜாலிபாய் தீவுக்கு நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் விடுவார்கள். அதன்பின் அதை மூடிவிட்டு ரெட்ஸ்கின் தீவைத் திறப்பார்கள். ஒன்று ஓய்வெடுக்கும்போது இன்னொன்று. பிளாஸ்டிக்குக்குத் துறையிலேயே தடை, பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டில்கூட அவர்களிடமே வைப்புத்தொகை கட்டி வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், தீவில் இறங்கிச் சுத்தமான மணலைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும்.

அதற்காக இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2010-இல் சூட்டில் இங்கேயும் நிறையப் பவளம் செத்தது. வாசலில் பையைச் சோதிக்கலாம், கடல்நீரின் சூட்டை வாசலில் நிறுத்த முடியாது.

கோவைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் சத்தமாக வாசித்தோம். மே மாதம் ராமேஸ்வரமும் காரங்காடும். தனுஷ்கோடிச் சுவரைப் பார்க்கப் பெண் பூதக்கண்ணாடி எடுத்து வைத்துவிட்டாள். குருசடைக்குப் பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறு. டீச்சர், அதற்கு என்னென்ன எடுத்துவர வேண்டும்? வெயிலுக்கு முகத்தில் பூசும் கிரீம் பவளத்துக்குக் கெடுதல் என்கிறார்களே?

பதில்: பாம்பன் டீச்சர்

நல்லது தம்பி. கிரீமில் ஆக்சிபென்சோன் என்ற பொருள் இருந்தால் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாய், பலாவு போன்ற இடங்களில் விற்கவே தடை போட்டிருக்கிறார்கள். நீங்கள் தண்ணீரில் இறங்கப் போவதில்லை, இருந்தாலும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு வந்தால் கிரீமே தேவைப்படாது. காலுக்கு வார் வைத்த செருப்பு, ஈர மணலில் கழன்று போகாது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், தின்பதற்கு உறை இல்லாத எதுவும், முறுக்கோ வாழைப்பழமோ. தோலையும் திரும்பக் கரைக்கே கொண்டுவந்துவிடுங்கள். குமட்டல் வருபவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும். படகில் குனிந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் தலை சுற்றும், நடுநடுவே தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்ணிடம் ஒரு நோட்டுக் கொடுத்து விடுங்கள். எந்த நிறம், கிளையா உருண்டையா, நுனி எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். தேதியும் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், என் வகுப்புப் பிள்ளைகளும் இதே போல எழுதுகிறார்கள், சேர்த்து வைத்துக்கொள்வேன்.